நீக்காத அட்டை

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் புத்தகங்களுக்கு விடுமுறை. அன்றைக்கு ஆட்களை இரவல் கொடுப்பார்கள்.

அழைப்பிதழில் அதற்கு நீளமான பெயர் உண்டு. இலக்கிய, பண்பாட்டு விழிப்புணர்வு நாள், வாழும் நூல்கள் பகுதி. மாணவர்கள் வாயில் அது ஆள் புத்தகம். கப்பலில் இருபது வருஷம் சமைத்தவர் ஒருவர், திக்கிப் பேசும் வக்கீல் ஒருவர், மூன்று நாடுகளில் அகதியாக இருந்த அம்மாள் ஒருவர் என்று ஆளுக்கொரு மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. அட்டையில் தலைப்பு, மூன்று வரிச் சுருக்கம், மேஜை எண். பிடித்த அட்டையை எடுத்து வந்து, புத்தகம் வழங்கும் கவுண்டர் மேடையில் நீட்டினால் முத்திரை குத்தித் தருவார்கள். பிறகு மேஜைக்குப் போய் அந்த ஆளைப் படிக்கலாம், அதாவது பேசலாம், கேட்கலாம். இருபது நிமிஷத்தில் மணி அடிக்கும். அட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

மேடையில் உட்கார்ந்திருந்தவளைச் சின்ன மேடம் என்பார்கள். நூலகத் தலைவி பெரிய மேடம் என்பதால் இவள் சின்ன மேடம் ஆகிவிட்டாள். மற்றபடி மேடம் என்று கூப்பிடும்படியான வயதோ குரலோ அவளுக்கு இல்லை. வேதியியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு நாளில் அவள் பேசுவதைவிட முத்திரை குத்துவது அதிகம்.

மேடைக்குப் பின்னால் விதிப்பலகை தொங்கியது. எழுதியது அவள்தான். நூலுக்குப் பெயர் கேட்கக் கூடாது. மேஜையில் பேசியதை மேஜையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். மூன்றாவது விதி, சொந்த வீட்டு ஆளை எடுக்கக் கூடாது. முதல் வருஷம் ஒரு அம்மா தன் மகனையே எடுத்துக்கொண்டு போய், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் இருபது நிமிஷமும் அழுதுவிட்டு எழுந்தார்கள். அதற்குப் பிறகு போட்ட விதி.

காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் கூட்டம் திமுதிமுவென்று வந்தது. பக்கத்து அரங்கத்தில் யாரோ கவிதை வாசிக்க, அது ஒலிபெருக்கி வழியாக வராந்தாவெல்லாம் அலைந்தது. சின்ன மேடம் தலை நிமிரவில்லை. அட்டை, தேதி, முத்திரை. அட்டை, தேதி, முத்திரை. இரண்டாம் சுற்று முடிந்து மணி அடித்ததும், போனவர்கள் எல்லாம் அட்டையோடு திரும்பி வந்தார்கள்.

“எப்படி இருந்துச்சு?” என்று ஒவ்வொருவரையும் கேட்பது வழக்கம். பதிலைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு உண்டு.

“ரொம்ப நல்லா இருந்துச்சு சின்ன மேடம்,” என்றாள் ஒரு முதலாண்டுப் பெண். தன் உடம்பில் பாதி அளவுக்கு ஒரு பையைச் சுமந்துகொண்டிருந்தாள். “எனக்குத்தான் அழுகை வந்துருச்சு. அவங்க சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.”

“எந்த மேஜை?”

“ஒன்பது.”

நோட்டில் ஒன்பது என்று எழுதி முடித்த பிறகுதான் சின்ன மேடத்தின் கை நின்றது. இந்த வருஷம் மேஜைகள் எட்டு.

அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தலைப்பு: பாதியில் விட்ட பட்டம். கீழே மூன்று வரி. ஓரத்தில் அவளுடைய முத்திரை, இன்றைய தேதி, மை கூடச் சரியாகக் காயவில்லை.

அது அவள் அக்காவின் அட்டை. அக்கா இறந்து எட்டு மாதம் ஆகிறது.

நூலகத்தில் ஒரு புத்தகம் தொலைந்தாலோ மக்கிப்போனாலோ அதை நீக்க ஒரு முறை இருக்கிறது. பதிவேட்டில் அதன் வரியின் மேல் சிவப்பு மையால் கோடு இழுக்க வேண்டும். அட்டையில் ‘நீக்கப்பட்டது’ என்று குத்தி, மூலையை வெட்டிப் பெட்டியில் போட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஆள் புத்தகங்களுக்கும் பெரிய மேடம் அதே முறையைத்தான் வைத்திருந்தார். “அந்த ஒண்ண மட்டும் நீக்கிடும்மா,” என்று நாலைந்து தடவை சொல்லியும் பார்த்தார். சின்ன மேடம் ஒவ்வொரு தடவையும் சரி என்பாள். கத்தரிக்கோலை எடுப்பாள். பிறகு அட்டையை மற்ற எட்டுக்கும் அடியில் வைத்து ரப்பர் போட்டுவிடுவாள்.

போன வருஷத்து ஒன்பது பேரில் எட்டுப் பேர் இந்த வருஷமும் வர ஒப்புக்கொண்டிருந்தார்கள். புதிய அட்டை எதுவும் எழுத வேண்டி வரவில்லை. காலையில் ரப்பரைக் கழற்றி, போன வருஷம் வைத்த அதே வரிசையில் கை பாட்டுக்கு வைத்துக்கொண்டே போனது. எண்ணிப் பார்க்கவில்லை. முத்திரை குத்தும்போதும் தலைப்பைப் படிக்கவில்லை.

“அவங்க எப்படி இருந்தாங்க? பாக்கறதுக்கு?” என்று கேட்டாள்.

முதலாண்டுப் பெண்ணுக்குக் கேள்வி விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். “ஒல்லியா. சாம்பல் கலர் ஸ்வெட்டர். கொண்டையில பென்சில் சொருகியிருந்தாங்க. ஏன் மேடம், தப்பான அட்டையை எடுத்துட்டேனா?”

“இல்ல. என்ன சொன்னாங்க?”

“சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே எழுதிப் போட்டிருக்கீங்க?”

“நான் கேக்கலாம்.”

அப்படி ஒரு விதி கிடையாது. பெண் நம்பிவிட்டாள்.

“ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தாங்களாம். ஒரு நாள் ஆய்வுக்கூடத்துக் கதவு வரைக்கும் போயிட்டு உள்ள போக முடியலையாம். கை தாழ்ப்பாள் வரைக்கும் போகுமாம், அதுக்கு மேல எழும்பாதாம். ஏழு மாசம் அப்படி. வீட்டுக்குத் தெரியாம இங்க வந்து உக்காந்துக்கிட்டு, என்னை மாதிரி தத்தளிக்கிற பசங்களுக்கு எப்படிப் படிக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தாங்களாம். எனக்கும் சொல்லிக் குடுத்தாங்க, பாருங்களேன்.”

பையிலிருந்து ஒரு தாள் வந்தது. தாள் மூன்றாக மடிக்கப்பட்டிருந்தது. முதல் மடிப்பில் ‘தெரியாதது’ என்று அந்தப் பெண்ணின் கோழிக்கிறுக்கல். அதன் கீழே ஒன்பது கேள்விகள். மற்ற இரண்டு மடிப்பும் வெள்ளை. தெரிந்ததை எழுதத் தொடங்கினால் தெரியாதது ஒளிந்துகொள்ளும், அதனால் அதை முதலில் பிடித்துப் போட வேண்டும் என்று அக்கா சொல்வாள். வேறு யாரும் அப்படிச் சொல்லிச் சின்ன மேடம் கேட்டதில்லை.

“வீட்டுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தாங்க. நீங்க மணி அடிச்சுட்டீங்க.”

பெண் போய்விட்டாள். சின்ன மேடம் மேடையை விட்டு எழுந்தாள்.

ஒன்பதாம் மேஜை பழைய ஆய்விதழ் அலமாரிக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டி இருந்தது. அக்கா அந்த ஏழு மாதமும் உட்கார்ந்திருந்த மேஜை அது. போன வருஷம் புத்தகமாக வந்தபோதும் அதைத்தான் கேட்டு வாங்கினாள். இப்போது அங்கே யாரும் இல்லை. எதிரெதிராக இரண்டு நாற்காலி. மேஜைமேல் ஜன்னல் வெயில் ஒரு பட்டையாகக் கிடந்தது. நாற்காலி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க நினைத்தாள். தொடவில்லை.

வேறு ஏதாவது ஆராய்ச்சி மாணவி இங்கே உட்கார்ந்திருக்கலாம். குளிருக்கு ஸ்வெட்டர் போடாதவர்கள் இந்தக் கட்டடத்தில் யார்? ஆய்வுக்கூடத்துக்குப் போகப் பயந்தவள் உலகத்தில் ஒருத்தியாகவா இருப்பாள்? இப்படி ஒவ்வொன்றாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள். ஆனால் அட்டையை உள்ளே வைக்கவில்லை. ஒரு தடவை கிடைத்த முடிவை நம்பாதே, மறுபடி செய்து பார் என்று வேதியியல் வகுப்பில் மூன்று வருஷம் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதைத்தான் செய்யப்போவதாக நினைத்துக்கொண்டாள்.

உண்மையான காரணம் அந்தக் கேள்வி. வீட்டுக்கு எப்படித் தெரிந்தது?

அப்பாவிடம் போட்டுக்கொடுத்தது அவள்தான்.

அப்போது அவள் இதே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு போன் செய்து, அக்கா ஏழு மாசமா ஆய்வுக்கூடத்துக்கே போகல என்றாள். அப்பா மறுநாளே பஸ் ஏறி வந்தார். மேஜையிலிருந்து அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஒரு மாதத்தில் அக்காவின் பதிவு ரத்தானது. பிறகு அக்கா எப்படியோ தேறி, இதே நூலகத்தில் ‘எப்படிப் படிப்பது’ வகுப்புகள் எடுக்கத் திரும்பி வந்தாள். ஆனால் பட்டம் போனது போனதுதான். யார் சொன்னது என்று அக்கா ஒரு நாளும் கேட்டதில்லை. சின்னவளும் சொன்னதில்லை. மூன்று நாள் காய்ச்சல் வந்து, குளிருது குளிருது என்று சொல்லிக்கொண்டே அக்கா போய்ச் சேர்ந்தாள். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? எட்டு மாதமாகச் சின்னவளுக்கு ராத்திரியும் பகலும் இதுதான்.

“அம்மா, மனுஷங்களை இரவல் குடுக்கிறதா சொல்றாங்களே, ஓரத்துல பென்சில்ல கோடு போட்டுக்கலாமா?”

எதிரே கணக்கு சார். இந்தப் பருவத்தில்தான் புதிதாக வந்து சேர்ந்தவர், கணிதத் துறை. ஆசிரியர்கள் ஆளுக்கொரு அட்டையாவது எடுத்தாக வேண்டும் என்று பெரிய மேடம் ஆணை போட்டிருந்ததால் மனுஷர் வேண்டா வெறுப்பாக வந்திருந்தார்.

“எது சின்னதோ அதைக் குடும்மா. எனக்குப் பன்னண்டரைக்கு வகுப்பு இருக்கு.”

அவள் ஒன்பதாம் அட்டையை நீட்டினாள்.

“பாதியில் விட்ட பட்டமா? பாதி புத்தகம், பாதி நேரம். நல்லது.”

“சார்.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. “ஒரு கேள்வி. வீட்டுக்கு யார் சொன்னதுன்னு அவங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுட்டு வர முடியுமா?”

“நீ கடைசிப் பக்கத்தை முதல்ல படிக்கிற ரகமா?” சிரித்துக்கொண்டே போனார்.

அந்த இருபது நிமிஷம் எத்தனை அட்டைக்கு முத்திரை குத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. மணியை இரண்டு நிமிஷம் தாமதமாகவே அடித்தாள். மற்றவர்கள் எல்லாம் வந்து அட்டையைத் தந்துவிட்டுப் போனார்கள். கணக்கு சார் கடைசியாக வந்தார். சிரிப்பு இல்லை. அட்டையை மேடைமேல் வைத்துவிட்டு, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எப்படி இருந்துச்சு சார்?”

“அந்தப் பொண்ணுக்கு ரொம்பக் குளிருது போல. ஸ்வெட்டரை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பக்கம் ஜன்னலை யாராவது சாத்தக் கூடாதா?”

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

“கேட்டீங்களா சார்?”

“கேட்டேன். ‘இது உங்க கேள்வி இல்லையே சார்’னுச்சு. அப்புறம், ‘கேக்க வேண்டியவ அங்கதான் உக்காந்திருக்கா, அவளையே வரச் சொல்லுங்க’ன்னுச்சு.” அவளை ஒரு நொடி பார்த்தார். “என்னம்மா, உங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா? நான் ஏன் நடுவுல?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போனார். அவர் போன திசை வகுப்பறைக்கு நேர் எதிர்த் திசை.

மதியம் மேடையை மூடினார்கள். பைண்டர் அண்ணன் டிபன் பாக்ஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுகிற மனிதர். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருக்கும். அக்காவை அவருக்கு நன்றாகத் தெரியும்.

“சாப்பிடு, சின்ன மேடம். காலையில இருந்து மூஞ்சி வெளிறிக் கிடக்கு. எட்டு ஆளைக் குடுத்து வாங்கறதுக்கே இப்படின்னா, ஊரையே குடுத்து வாங்கச் சொன்னா என்ன செய்வ?”

சொல்லிக்கொண்டே மேடைமேல் இருந்த அட்டைகளைத் தள்ளி இடம் பண்ணினார். ஒன்பதாவது கையில் பட்டது. படித்தார். டிபன் பாக்ஸை மூடினார்.

“இதை யாரு வெளிய வச்சது?”

“நான்தான்ணா. தெரியாம.”

“எடுத்து உள்ள வை.”

“ரெண்டு பேருக்குக் குடுத்துட்டேன்.”

“குடுத்து?”

“ரெண்டு பேரும் திருப்பித் தந்துட்டாங்க.”

“போய் உக்காந்து பாத்துட்டு, ஆளில்லன்னு வந்தாங்களா?”

“நல்லா இருந்துச்சாம்ணா.”

பைண்டர் அண்ணன் அலமாரிப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு, நாற்காலியை அந்தப் பக்கத்துக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“நான் சொல்றதைக் கேளு. கத்தரிக்கோல் குடு, நானே மூலையை வெட்டறேன். பெரிய மேடம் விருந்தாளிங்களோட அரங்கத்துல இருக்காங்க, வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்.”

“நாலு மணி வரைக்கும் இருக்கட்டும்.”

“எதுக்கு?”

“அவளைக் கேக்கணும்.”

“கேக்கறதாவது! வீட்டு ஆளு எடுக்கக் கூடாதுன்னு பலகையில எழுதினவளே நீ.”

“தெரியும்ணா.”

“உங்க அப்பா அம்மாவுக்கு மிஞ்சியிருக்கிறது நீ ஒருத்தி. அது ஞாபகம் இருக்கட்டும்.” மூடிய டிபன் பாக்ஸை அவர் மறுபடி திறக்கவில்லை.

மதியத்துக்கு மேல் அட்டையை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். கடைசிச் சுற்று மூன்று நாற்பதுக்கு. எட்டு அட்டையும் போய்விட்டன. மணியைப் பைண்டர் அண்ணன் பக்கம் தள்ளி வைத்தாள். பதிவேட்டில் ஒன்பதாம் வரியில் எடுப்பவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். முத்திரை குத்தினாள்.

“இருபது நிமிஷம்தான்,” என்றார் அவர், அவளைப் பார்க்காமல். “ஒரு நொடி கூடக் கூட்ட மாட்டேன்.”

அலமாரிக்குப் பின்னால் போனாள். யாரும் இல்லை.

வாசகர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலி ஒருவர் உட்காரும் அளவுக்கு மேஜையிலிருந்து விலகி இருந்தது. “அக்கா,” என்றாள். பழைய ஆய்விதழ்களின் வாசனை மட்டும் வந்தது. இரண்டு நிமிஷம் போயிற்று, ஐந்து நிமிஷம் போயிற்று. அவள் போட்ட விதி அவளை மட்டும் உள்ளே விடவில்லை போலிருந்தது. முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து பேசிய அக்கா அவளுக்கு ஒரு நிழலைக்கூடக் காட்டவில்லை.

அழுகைக்கு முன்னால் வருகிற கோபம் வந்தது. எழுந்துவிடலாம் என்று மேஜையில் கை ஊன்றியபோது பின்னால் யாரோ நடந்து வருகிற சத்தம்.

“ஐயோ, நீங்க எடுத்திருக்கீங்களா?” முதலாண்டுப் பெண். பை இல்லாமல் பாதியாகத் தெரிந்தாள். “மிச்சக் கதையைக் கேக்கலாம்னு வந்தேன். அட்டை இல்லன்னு அந்த அண்ணன் கத்தினாரு. சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறேன்னு வந்தேன். மன்னிச்சுக்கோங்க, ரெண்டு பேரும் பேசுங்க.”

ரெண்டு பேரும்.

“இரு.” சின்ன மேடம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அவங்க இருக்காங்களா?”

பெண் சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “எதிர்லதானே இருக்காங்க. இது… இதுவும் நிகழ்ச்சியில ஒரு பகுதியா மேடம்?”

“ஆமா. நான் பேசுவேன். அவங்க சொல்றதை நீ எனக்குச் சொல்லணும்.”

“மொழிபெயர்ப்பாளர் மாதிரி!” பெண் உற்சாகமாகப் பக்கத்து மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள். அவளை ஏமாற்றுவது பாவம் என்று சின்ன மேடத்துக்குத் தெரிந்தது. பயமுறுத்துவது அதைவிடப் பாவம்.

எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். எங்கே கண் இருக்கும் என்று கணக்குப் போட்டு அங்கே பார்த்தாள்.

“அப்பாகிட்ட சொன்னது நான்தான்,” என்றாள்.

பெண் எதிர்ப்பக்கம் காது கொடுத்துக் கேட்டாள். “‘அது தெரியும்’ங்கறாங்க. ‘அன்னிக்கே தெரியும்’ங்கறாங்க. அப்பா… பஸ்ஸுல சொல்லிட்டாராம். ‘உன் தங்கச்சிக்கு இருக்கிற பொறுப்பு உனக்கு இல்லையே’ன்னு வழியெல்லாம் அதையே சொல்லிக்கிட்டு வந்தாராம்.”

அப்படியானால் இரண்டு வருஷம். இரண்டு வருஷம் தெரிந்துகொண்டே அவளோடு ஒரே அறையில் படுத்து, அவள் துவட்டிய துண்டில் முகம் துடைத்து, போன வருஷம் இதே நாளில் அவள் முத்திரை குத்துவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் என்னைக் கேக்கல?”

“‘இப்போ கேக்கறேன்’ங்கறாங்க.” பெண்ணின் குரல் இறங்கியிருந்தது. இது நிகழ்ச்சி இல்லை என்று எங்கேயோ அவளுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். ஆனாலும் எழுந்து ஓடவில்லை. “‘எதுக்குச் சொன்ன?’ன்னு கேக்கறாங்க.”

இதற்குப் பதில் தயாராக இருந்தது. அப்பாவிடம் சொன்ன பதில், அம்மாவிடம் சொன்ன பதில், பெரிய மேடத்திடம்கூட ஒரு முறை சொன்ன பதில். “பயந்துதான். உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு.”

பெண் எதிர்ப்பக்கம் திரும்பிக் காத்திருந்தாள்.

“என்ன சொல்றாங்க?”

“ஒண்ணும் சொல்லல. உங்களையே பாத்துக்கிட்டு இருக்காங்க.”

அரங்கத்தில் கைதட்டல் எழுந்து ஓய்ந்தது. ஒலிபெருக்கியில் யாரோ நன்றி சொல்ல ஆரம்பித்தார்கள். இன்னும் எத்தனை நிமிஷம்? பைண்டர் அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

“எனக்கு அந்தத் தடவை ஒரு பாடம் போச்சு,” என்றாள் சின்ன மேடம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. “முதல் தடவையா போச்சு. வீட்ல சொல்லல. உன்கிட்ட வந்து சொல்லிக் குடுன்னேன். வெள்ளிக்கிழமை வான்னு சொன்ன. வெள்ளிக்கிழமை வந்தேன். இந்த மேஜையைச் சுத்தி அஞ்சு பேரு. முன்னப் பின்னத் தெரியாத பசங்க. நீ தாளை மடிச்சுக் காட்டிக்கிட்டு இருந்த. அவங்க எல்லாரும் சிரிச்சாங்க, நீயும் சிரிச்ச. நான் அந்த அலமாரிகிட்ட நின்னேன். முக்கால் மணி நேரம் நின்னேன். ஒரு தடவை நிமிந்து என்னைப் பாத்த. ‘இரு’ன்னு கை காட்டுன. அவ்வளவுதான்.”

பெண் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

“நேரா கீழ போய் அப்பாவுக்கு போன் பண்ணுனேன். உனக்கு என்ன ஆகும்னு ஒரு நிமிஷம்கூட நெனைக்கல. அந்த அஞ்சு பேரையும் விட்டு உன்னைக் கிளப்பணும். அவ்வளவுதான் நெனச்சேன். பயமில்ல. பொறாமை. சுத்தமான பொறாமை. அதுக்கு எல்லாரும் எனக்குப் பொறுப்பான பொண்ணுன்னு பேரு குடுத்தாங்க. நானும் வாங்கி வச்சுக்கிட்டேன்.”

மேஜைமேல் கிடந்த வெயில் பட்டை விளிம்பைத் தாண்டித் தரைக்கு இறங்கியிருந்தது.

“இப்போ சொல்லு. என்ன சொல்றா?”

முதலாண்டுப் பெண் எதிர் நாற்காலியைப் பார்த்தாள், அலமாரிப் பக்கம் பார்த்தாள்.

“சொல்லும்மா. எதுவா இருந்தாலும் பரவாயில்ல.”

“அவங்க எழுந்து போயிட்டாங்க மேடம்.”

“எப்போ?”

“நீங்க பொறாமைன்னு சொன்னப்ப.”

“கோவமாவா?”

பெண் யோசித்தாள். அவசரப்பட்டு ஒரு ஆறுதல் சொல்லாமல், பார்த்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்தாள். அது சின்ன மேடத்துக்குப் புரிந்தது.

“கோவம்னு சொல்ல முடியல. சிரிப்பும் இல்ல. கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு, போகலாம்ங்கற மாதிரி. நாற்காலியைச் சத்தமில்லாம உள்ள தள்ளிட்டுப் போனாங்க.”

மணி அடித்தது.

எதிர் நாற்காலி மேஜையோடு ஒட்டியிருந்தது. அவள் வந்து உட்கார்ந்தபோது அது விலகித்தான் இருந்தது. அவளும் அதைத் தொடவில்லை, அந்தப் பெண்ணும் தொடவில்லை. எட்டிக் கை நீட்டினால் முதுகுப் பலகையைப் பிடித்து மறுபடி வெளியே இழுத்துவிடலாம். சின்ன மேடம் இரண்டு கையையும் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.